சொல் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்

நாவல் எழுதும் மென்பொருளில் இரண்டெழுத்து தட்டினாலே முழுச் சொல்லும் வந்து நிற்கிறதாமே! இனி எழுத்தாளருக்கு என்ன வேலை?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? சாவிக்கொத்து கையில் இருந்தால், எந்தப் பூட்டுக்கு எது என்று அதுவே சொல்லிவிடுமா?

இந்த உதவி நமக்குப் பழசு. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடை அகராதி. செய்யுள் எழுதுகிறவர்கள் எதுகைக்குத் திணறாமல் இருக்கச் சொற்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். புலவர்கள் யாருக்கும் வேலை போய்விடவில்லை.

ஸ்க்ரிவனர் போன்ற நாவல் எழுதும் மென்பொருளில், சொல் எடுத்துக் கொடுக்கும் பட்டியலை நாமே நிரப்பலாம். பாத்திரங்களின் பெயர், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் முதலிலேயே போட்டு வையுங்கள். மூன்றாம் அத்தியாயத்து 'வத்தலக்குண்டு' முப்பதாம் அத்தியாயத்தில் 'வத்தலகுண்டு' ஆகாமல் இருக்கும். நீண்ட நாவலுக்கு அது பெரிய உபகாரம்.

அதே வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா, ஜல்லிக்கட்டில் மாடு அணைகிறவர்களின் பேச்சையே எடுத்து 'வாடிவாசல்' நாவலை எழுதினார். அந்தச் சொற்களை எந்த மென்பொருளும் தானாகத் தராது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்று காது கொடுங்கள். உங்கள் பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள்.