காவிரியம்மாவின் பென்ஷன்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பூம்புகார் பக்கம், மயிலாடுதுறை மாவட்டம்.
பெறுநர்: தலைவர் அவர்கள், காவிரி நீர் மேலாண்மை ஆணையம், புதுதில்லி.
பொருள்: மாதம் இரண்டரை டி.எம்.சி. பென்ஷன், பயனாளி கைக்கு வந்து சேராதது தொடர்பாக.

ஐயா,

எங்கள் ஊருக்குப் பழைய பெயர் புகார். ஆகவே மனுவின் தலையில் தனியாக அந்தச் சொல்லை எழுதவில்லை. முகவரியே போதும்.

நான் பென்ஷன் வாங்குகிறவன். வருஷத்துக்கு ஒருமுறை நேர்காணலுக்குப் போய், இன்னும் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர வேண்டும். கைரேகை விழவில்லை என்றால் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வார்கள். இந்தப் பழக்கத்தால் பென்ஷன் என்று எங்கே இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பிலும் அப்படித்தான் பட்டது. காவிரியின் மொத்தச் சொத்து 740 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. பிள்ளைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்த பிறகு, பெற்றவளுக்கென்று சுற்றுச்சூழல் கணக்கில் 10 டி.எம்.சி. எழுதி வைத்திருக்கிறார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில் எங்களுக்கு வர வேண்டிய 192-ஐ 177.25 ஆக்கியபோதும் கிழவியின் பத்தில் கை வைக்கவில்லை. நல்ல மனசு.

அந்தப் பத்தை மாதம் இரண்டரையாக, பிப்ரவரி முதல் மே வரை நான்கு தவணையில் கொடுக்க வேண்டும். மாதம் முழுக்க வினாடிக்கு ஆயிரம் கனஅடிக்குக் கொஞ்சம் குறைய வரும். எங்களுக்கு அது போதும். கோடையில் ஆறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

சந்தேகம் இதற்குப் பிறகுதான். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அதாவது பென்ஷன் எல்லை தாண்டி வருகிற நான்கு மாதமும் கடையில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. குடிநீருக்கென்று கொஞ்சம் திறப்பார்கள். அது வழியிலேயே குழாய்க்குள் போய்விடுகிறது. மிச்சமெல்லாம் 93.47 டி.எம்.சி. வயிற்றுக்குள். அம்மாவின் ஏடிஎம் கார்டை மூத்த மகன் சட்டைப் பையில் வைத்திருக்கிற வீடு எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கிறது. கேட்டால், “அம்மாவுக்குத்தானே செலவு பண்றேன்” என்பார்கள். மேட்டூரும் குறுவைக்குத்தான் சேர்த்து வைக்கிறேன் என்கிறது. பொய்யில்லை. நானும் நாலு மா குறுவை போடுகிறவன். அந்தச் சோற்றை நானும்தான் சாப்பிடுகிறேன். கார்டு யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை, என்னையும் சேர்த்து.

தீர்ப்பில் இன்னொரு 4 டி.எம்.சி. உண்டு. தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போகிற நீர் என்று அதற்குப் பெயர். தப்பிப் போகிறதாம்! காவிரி கடலுக்குப் போவதை இத்தனை நாள் நாங்கள் புகுந்த வீட்டுக்குப் போவதாகத்தான் நினைத்திருந்தோம். உங்கள் பேரேட்டில் அது ஓடிப்போன கேஸ். ஓடாமல் பிடித்து வைக்க மேக்கேதாட்டில் 67.16 டி.எம்.சி.க்கு அணை கட்டுகிறோம் என்கிறது கர்நாடகம். கூடாது என்று மறியல் செய்துவிட்டு வந்து, கொள்ளிடத்தில் இன்னும் நாலு கதவணை வேண்டும் என்று நாங்கள் மனு எழுதுகிறோம். இரண்டு மனுவிலும் ஒரே வரி: தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது. மற்ற எதில் சண்டை இருந்தாலும் இந்த வரியில் இரு மாநிலத்துக்கும் தகராறே இல்லை.

மேட்டூர் திறந்து நாள் பல கழித்து மேலையூர் கதவணைக்குத் தண்ணீர் வரும். முதலில் வருவது நுரை, அதன் பின்னால் சருகு, போன வருஷம் ஒற்றை ரப்பர் செருப்பு. நாங்கள் பூவும் விதைநெல்லும் தூவிக் கும்பிடுவோம். செருப்பின் மேலும் நாலு நெல் விழுந்தது. போட்டோவில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவணைக்குக் கீழே கடல் வரைக்கும் இருக்கிற கொஞ்ச தூரம்தான் ஐயா, நான் சொல்ல வந்தது. கோடையில் அங்கே ஆறு இறங்குவதில்லை, கடல் ஏறுகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும். காவிரி புகும் பட்டினம் என்று பெயர் வைத்த ஊரில் புகுவது என்னவோ உப்புத் தண்ணீர். எங்கள் அடிபம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. கேன் வாங்கித்தான் உலை வைக்கிறோம்.

ஆகவே தாழ்மையுடன் ஒரு விண்ணப்பம். பென்ஷன்தாரருக்கு நேர்காணல் விதி எல்லோருக்கும் பொதுதானே? பிலிகுண்டுலுவில் அளக்கிறீர்கள். மலை இறங்கி வருகிற வேகத்தில் அங்கே அவள் தெம்பாகத்தான் தெரிவாள். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு நாள் முகத்துவாரத்துக்கு வந்து, உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்து ஒரு சான்று எழுதிக் கொடுங்கள். தில்லிக்கு வந்து கைரேகை வைக்க அவளால் முடியாது. மேலையூர் வரவே முடியவில்லை.

இப்படிக்கு,
நாலு மா குறுவைக்காரன்

இணைப்பு: பயனாளியின் இருப்பிடச் சான்றாக எங்கள் அடிபம்புத் தண்ணீர் ஒரு பாட்டில் அனுப்ப நினைத்தேன். திரவம் தபாலில் போகாது என்றார்கள். தட்டில் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் வைத்து, மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.