காலும் கோளாறும்: சேலம்–நாமக்கல் சமவெளியின் மிதிப்பெட்டி குறித்து ஒரு முன்னாய்வு

கையால் வாசிக்கிற வாத்தியத்துக்குக் காலில் என்ன வேலை? நானறிந்த இசைநூல் எதுவும் எழுப்பாத இக்கேள்வி, இராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் பண்டிகையன்று, மெல்லிசைக் குழுவின் மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டது. குழுவில் கிதார் வாசிப்பவன் என் தங்கை மகன். பகலில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். அவன் காலடியில் ஒரு பலகை. பலகையின்மேல் ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு. பலகை, பட்டறையில் மிஞ்சிய பிளைவுட். ஓரத்துக்கு அலுமினியப் பட்டை அடித்து, மஞ்சள் பெயிண்டின்மேல் தாமரை வரைந்து, அதற்குக் கீழே ‘ஒலி எழுப்பவும்’ என்று பட்டறைப் பெயிண்டரே எழுதிக் கொடுத்திருந்தார். முன்விளிம்பில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் தொங்கின.

“என்ன மாப்ள இதெல்லாம்?”

“பெடலுங் மாமா. சவுண்டே இதுலதான் இருக்குது.”

“அப்ப கிதார்ல?”

“அதுல கம்பி இருக்குதுங்.”

இவ்வாய்வின் தோற்றுவாய் இதுவே. ஆய்வு முறை: களப்பணி. மாதிரி அளவு: ஒருவர். நிதியுதவி: டீ என் கணக்கு, பஜ்ஜி அவன் கணக்கு.

முதலில் சொல். பெடலை ‘மிதி’ என்றே இக்கட்டுரை வழங்கும். கலைச்சொல் ஆக்கியதாக யாரும் பாராட்ட வேண்டாம், சொல் இங்கேயே கிடந்தது. அம்மாபேட்டையில் குழித்தறி நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதிப்பது மிதிக்கட்டை. திருச்செங்கோட்டு ரிக் லாரி இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறது. அதன் டிரைவருக்கு இரண்டு கால், மிதிக்க வேண்டியது மூன்று. தையல்காரர் வீட்டுத் திண்ணையில் குதிகாலும் முன்காலும் மாறி மாறி அழுந்தினால்தான் ரவிக்கை முடியும். இச்சமவெளியின் பொருளாதாரம் கணுக்காலுக்குக் கீழேதான் நடக்கிறது என்பது என் முதல் கருதுகோள். மறுப்பவர்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்வரலாம். அங்கே காலுக்கென்றே, நடந்தால் ஒலிக்கும்படி, வெள்ளியில் கொலுசு செய்து ஊரூருக்கு அனுப்புகிறார்கள். காலால் ஒலியை மாற்றும் கருவி என்ற இலக்கணப்படி, அதுவும் ஒரு மிதிதான், பேட்டரி தேவைப்படாதது.

கொலுசைச் சொன்னபின் சிலம்பைச் சொல்லாமல் போவது ஆய்வாளனுக்கு அழகல்ல. சிலப்பதிகார வழக்கின் சாரம் என்ன? வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்று. உள்ளே இருக்கும் பரல்தான் வேறு: பாண்டியன் தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தாலொழியத் தீர்ப்பில்லை. கிதார்காரர்கள் இன்றும் இதே வழக்கைத்தான் நடத்துகிறார்கள். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் என்பவர் ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற, ஒலியைக் கரகரக்க வைக்கும் வட்டப் பெட்டியைக் கொண்டுவந்தார். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து எடுத்த உருவம் அது. முதலில் அதன் உள்ளே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இருந்தது, பிறகு சிலிக்கான் வந்தது. வெளியே ஒரே முகம். எது உசத்தி என்று அன்று தொடங்கிய வாய்ச்சண்டை ஓயவில்லை. திருப்புளி எடுத்துப் பெட்டியைத் திறந்து பரலைக் காட்டச் சொல்லும் கண்ணகிகள் கிதார் உலகில் நிறைய உண்டு. நல்லவேளை, ஊரை எரிப்பதில்லை.

இதில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பயனுள்ள செய்தி இருக்கிறது. ஜெர்மேனியம் வெயில் தாங்காது. சூடு ஏற ஏற அதனுள் மின்னோட்டம் கசியும், ஒலி குழறும். சித்திரை மாதத்துச் சேலத்தில் மத்தியானம் தகரப் பந்தலுக்கடியில் அதை வைத்து வாசிப்பது, ஐஸ் கட்டியை மடியில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது மாதிரி. ஆகவே ஜெர்மேனியம் சுமார் 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுக்கு, சிலிக்கான் கீழ்நாட்டுக்கு. சேர்வராயன் மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் டிரான்சிஸ்டரை மாற்ற வேண்டும் என்பதை அடுத்த ஆய்வாளர் கண்டுபிடிக்கட்டும்.

இப்போது இரண்டாம் கருதுகோள். மிதி எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. எங்கோ, யாருக்கோ நேர்ந்த கோளாற்றைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டு, வேண்டும்போது திறந்துவிட ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

சான்றுகள் வலுவானவை. 1951-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஐக் டர்னர் குழு ‘ராக்கெட் 88’ பாட்டைப் பதிவு செய்யப் போனபோது, வழியில் அடிபட்ட ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். கரகரப்பு அப்படியே இசைத்தட்டில் ஏறியது. 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில், நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்தின் மிக்ஸர் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் வண்டு மாதிரி ரீங்கரித்தது. அழிக்க மனமில்லாமல் விட்டுவிட்டார்கள், பாட்டு ஓடியது. கெட்ட மிக்ஸர் முழுதாகச் செத்துப்போனதும், அதே ரீங்காரம் வேண்டுமென்று ஆட்கள் வர, பொறியாளர் கிளென் ஸ்நோடி அந்தக் கோளாற்றை டிரான்சிஸ்டரில் செய்து கொடுத்தார். கிப்சன் நிறுவனம் 1962-ல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ என்று விற்றது. யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பாட்டில் அதை மிதித்த பிறகுதான் கடைகளில் இல்லையென்று ஆனது. இடையில் 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பொறுமையிழந்து, பிளேடை எடுத்துத் தன் ஸ்பீக்கரைத் தானே கிழித்துக்கொண்டார். கோளாறு வரும்வரை காத்திராமல் போய் அழைத்துவந்த முன்னோடி அவர்.

கரகரப்பு எப்படி விளைகிறது? நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குவியலாக அளந்தால் படிக்குமேல் ஒரு கூம்பு நிற்கும். தலைதட்டி அளந்தால் கையால் வழித்துவிடுவார்கள், மேலே மட்டம். கம்பியிலிருந்து வரும் அலை, குவியல் படி. மிதி அதன் தலையைத் தட்டிவிடுகிறது. தட்டிய இடத்தில் விளிம்பு விழுகிறது. விளிம்பு விழுந்த அலையில், மூலச் சுருதியோடு அதன் மடங்குகளும் சேர்ந்து முளைக்கின்றன. காதுக்கு அது கரகரப்பு. தலைதட்டி அளக்கும் வியாபாரியை நாம் திட்டுவோம். கிதாரில் அதற்குக் காசு கொடுக்கிறோம்.

ஜப்பானியர் ஃபுமியோ மியேடாவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். மாஸ்கோ வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வானடுக்கில் பட்டு வரும் சிற்றலை உப்பி, வற்றி, நெளிந்தது. அந்த நெளிவில் மயங்கி அவர் உருவாக்கியது ‘யூனிவைப்’. உள்ளே நடுவில் ஒரு சிறிய பல்பு மூச்சு விடுவதுபோல் கூடிக் குறைந்து எரியும். சுற்றிலும் நாலு ஒளியுணரிகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-ல் உட்ஸ்டாக்கில் மிதித்தது இதைத்தான். அதே காலத்தில் எங்கள் தாத்தாக்களும் திண்ணையில் இலங்கை வானொலி கேட்டார்கள். பி.எச். அப்துல் ஹமீதின் குரலும் பாட்டும் கடல் தாண்டி இதேபோல் நெளிந்துதான் வந்தன. மியேடா கருவி செய்தார். எங்கள் தாத்தா ரேடியோவின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். காப்புரிமை கைநழுவிய கணம் அதுதான்.

‘வா-வா’ மிதியை நீட்ட வேண்டியதில்லை. 1966-ல் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர், ஆர்கனின் ஒலியளவு மிதிக்குள் ஒரு சுற்றைப் பொருத்தியபோது பிறந்தது. குதிகால் அழுந்தினால் ‘வ’, முன்கால் அழுந்தினால் ‘ஆ’: அசல் தையல் மெஷின். பெயர்க்காரணம் பற்றி மேலைநாட்டார் குழந்தை அழுகை என்று ஏதேதோ சொல்கிறார்கள். தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அதை ஒப்புக்கொள்ள முடியாது. ‘வா’ என்பது வருதலின் வேர். மிதித்தால் வருகிறது, மிதிக்காவிட்டால் வருவதில்லை. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

எதிரொலி மிதி மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. அதன் உயிர், 1969-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டீரும் கண்டுபிடித்த சில்லு. தத்துவத்தைப் புரிந்துகொள்ள, வீட்டுக்குக் காங்கிரீட் போடும் நாளில் போய்ப் பாருங்கள். கலவை மெஷின் பக்கத்திலிருந்து மாடிவரை ஆட்கள் ஏணியில் வரிசையாக நிற்பார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். முதல் ஆள் கொடுத்த சட்டி கடைசி ஆளிடம் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தத் தாமதமே எதிரொலி. ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சட்டி மின்னூட்டமாக்கிக் கைமாற்றுகிறது சில்லு. பெயர்பெற்ற ஒரு சில்லில் 4096 ஆட்கள். போகிற வழியில் கொஞ்சம் சிந்தும், ஆகவே எதிரொலி மூலத்தைவிட மங்கலாக இருக்கும். அந்த மங்கலுக்காகவே அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். சிந்திய கலவைக்குக் கூடுதல் கூலி கேட்ட கொத்தனாரை நான் பார்த்ததில்லை.

மிதிகளை எந்த வரிசையில் வைப்பது? மாப்பிள்ளை இதற்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்கிறான். பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: சாம்பார், ரசம், மோர். கரகரப்பு முன்னால், எதிரொலி பின்னால். மாற்றி வைத்தால் எதிரொலிகளெல்லாம் சேர்ந்து தலைதட்டப்பட்டுச் சேறாகும். மோர்ச்சோற்றில் சாம்பார் ஊற்றிய இலை. அப்படியும் விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு என்கிறான்; எங்கள் உறவிலேயே ஒருவர் இருக்கிறார்.

குழுவின் ஒத்திகை அறையையும் பார்வையிட்டேன். நாமக்கல் என்பதால் சுவர் முழுக்க முட்டை அட்டை, அட்டைக்கு 30 குழி. சத்தத்தை அது உறிஞ்சிவிடும் என்று நம்புகிறார்கள். உச்சஸ்தாயியில் கொஞ்சத்தை விழுங்கும், உண்மைதான். பேஸ் கிதாரும் டிரம்மும் அட்டையைப் பொருட்படுத்தாமல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குப் போய்விடும். பண்ணைக்காரர் இரண்டு முறை வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அட்டை அவர் கொடுத்ததுதான். மேடைக்குப் போகுமுன் மாப்பிள்ளை ஒவ்வொரு 9 வோல்ட் பேட்டரியையும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, சுருக்கென்றால் மாட்டுகிறான், சப்பென்றால் எறிகிறான். மீட்டர் இல்லையா என்றேன். “நாக்கு இருக்குதுங்களே.”

இனி பண்டிகை இரவு. ஒன்பது மணிக்குமேல் கூட்டம் சேர்ந்தது. நாலாவது பாட்டில் மாப்பிள்ளைக்குத் தனி வாசிப்பு. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைப் போட்டு வாங்கிய கரகரப்பு மிதியை, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் பதமாக அழுத்தினான். அந்த நாஷ்வில் கோளாறு இராசிபுரத்துப் புளியமரத்தடியில் இறங்கியது. எனக்கு மெய்சிலிர்த்தது. மூன்று விநாடி. அப்புறம் மைக் செட்காரர் ஜெனரேட்டர் பக்கமிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடிவந்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்தார்.

“ஸ்பீக்கர் போயிருச்சுங்க. கோன் கிழிஞ்சிருச்சு. யாரும் தொடாதீங்க.”

கிழியவில்லை, இந்தப் பெட்டிதான் அப்படிச் செய்கிறது என்று விளக்கினோம். மிதித்தும் காட்டினோம். அவர் பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். விலை கேட்டார். சொன்னோம். கூட்டம் அதற்குள் ‘இளைய நிலா’ கேட்க ஆரம்பித்திருந்தது. 1982-ல் வந்த அந்தப் பாட்டின் கிதாருக்கு இந்தப் பலகையில் மிதிக்க ஒன்றுமில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் மாப்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஏனுங் தம்பி, எங்கூட்டு ஓட்டு சாளைல கிழிஞ்ச ஸ்பீக்கரு நாலு சும்மாதான் கெடக்குது. வேணும்னா வந்து எடுத்துக்கங்க.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இரண்டுதான் பின்னால் கட்ட முடிந்ததாம். மீதி இரண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என் வண்டியைக் கேட்டிருக்கிறான்.