மொட்டைமாடி மேதை

தெருவுக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டாலும் திருத்தணியில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கக்கூடியவர் மொட்டைமாடி மேதை. தோளில் துண்டு, கையில் ஸ்பேனர், வாயில் "வருதா?" என்ற ஒரே கேள்வி. கீழே டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிற்கும் மனைவி, "வந்துச்சுங்க... ஐயோ, போச்சுங்க!" என்பார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மருமகளாக இருந்தால் 'வச்சிந்தி... போயிந்தி!' ஊர் இவரைத் தொலைக்காட்சிப் பிரியர் என்று நம்புகிறது. தப்பு. அவருக்கு வேண்டியது படமல்ல, படம் வராத நிலை. தெளிவாக ஓடும் டிவியின் முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள். பத்தே நிமிடத்தில் "கலர் கொஞ்சம் வெளுத்தாப்ல இல்ல?" என்று எழுந்துவிடுவார். மலைமேலிருக்கும் முருகன் கோயிலின் 365 படிகளுக்கு மூட்டுவலி சொல்லும் அதே கால்கள் மாடிப்படியை அசராமல் ஏறும்.

இந்த இனம் வளர்ந்ததற்கு வரலாறு உண்டு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது. சாலைவழியில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊருக்கு அந்த அலை களைத்துப்போய்த்தான் வந்து சேரும். ஜப்பானியர் யாகியும் உடாவும் 1920களில் வகுத்துக் கொடுத்த மீன்முள் ஆன்டெனாவை மூங்கிலில் கட்டித் தூக்கினால் படம் கிடைக்கும். குன்றில் மோதித் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வந்து செய்தி வாசிப்பவருக்கு இரண்டாவது மூக்கை வைக்கும். ஆனால் அந்த அனலாக் காலத்தில் ஒரு நேர்மை இருந்தது. அரை அங்குலம் திருப்பினால் அரை மூக்கு குறையும். முயற்சிக்குத் தக்க கூலி. 'பூஸ்டர் போட்டால் போச்சு' என்று கடைக்காரர் சொன்னதையும் மேதை கேட்டார். பூஸ்டர் படத்தோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியது. அவருக்கு வேலையும் பெருகியது.

டிஜிட்டல் இந்தக் கூலியை நிறுத்திவிட்டது. சிக்னல் ஓரளவு இருந்தால் முழுப்படம், அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து கறுப்புத்திரை. 2022 வாக்கில் தூர்தர்ஷன் பழைய தரைவழி ஒளிபரப்பை ஏறக்குறைய முழுவதும் மூட்டை கட்டியது. மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாறிய மேதை, மீன்முள்ளைத் திருப்பிய கையாலேயே டிஷ்ஷையும் திருப்புகிறார். மீன்முள் இருபது பாகை தப்பினாலும் மன்னிக்கும். 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் மன்னிக்காது. அது குறிபார்ப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயற்கைக்கோளை. போதாததற்கு, அசைத்த பிறகு செட்டாப் பாக்ஸ் சிக்னலைப் பிடிக்கச் சில விநாடி ஆகும். "வருதா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த திருப்பு திருப்பிவிடுகிறவருக்கு அது எப்படி வரும்?

'மலை மறைக்குதுங்க' என்று அவர் சார்பில் வாதாடுவோர் உண்டு. சென்னை அலைக்கு அது செல்லுபடியாகும். ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோளோ திருத்தணிக்குத் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 67 பாகை உயரத்தில், அண்ணாந்து பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அதை மறைக்க வேண்டுமானால் குன்று வாசற்படியிலேயே செங்குத்தாக எழுந்து நிற்க வேண்டும். இதில் முருகனை இழுக்க நியாயமில்லை. 'டிஷ்ஷை யாராவது சரிசெய்துதானே ஆகணும்?' என்பது இன்னொரு வாதம். ஆகணும்தான். மீட்டரோடு வரும் பையன் சிக்னல் தரப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நூலளவு நகர்த்தி, நிறுத்தி, பார்த்து, நட்டை இறுக்கிவிட்டுப் போய்விடுகிறான். மேதை எல்லாம் செய்வார், நட்டை மட்டும் இறுக்க மாட்டார். நாளைக்கு வேண்டுமே!

மிச்சமிருப்பது மழை. இந்த டிஷ் வாங்கும் அலைக்குக் கனமழை ஆகாது, படம் உடையும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானே திரும்பும். சும்மா இருப்பது அவர் ஜாதகத்தில் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். மழை விட்டதும் தெரு முழுக்க டிவி பேசத் தொடங்கும். ஒரு வீட்டு மாடியில் மட்டும், "இப்ப வருதா?"