மேலிடத்தில் மட்டும் கேட்டவர்

கேள்வி: 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று நம்புகிறவருக்குக் கணக்கு நோட்டு எதற்கு?

பதில்: ஜார்ஜ் முல்லரிடம் வசூல் நோட்டுதான் கிடையாது; கணக்கு நோட்டு உண்டு!

1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வில்சன் தெருவின் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய போதகர் அவர். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. விண்ணப்பமெல்லாம் முழங்காலில் நின்று, நேரே மேலிடத்துக்கு. பிறகு பிரிஸ்டலின் ஆஷ்லி டவுன் மேட்டில் 5 பெரிய கட்டடங்கள் எழுந்தன. அவர் காலத்திலேயே 10,000 பிள்ளைகளுக்கு மேல் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். வந்த சில்லறைக் காசுக்கும் கணக்கெழுதி, ஆண்டறிக்கையாக அச்சிட்டார். கொடுத்தவர் பெயர் மட்டும் அதில் இருக்காது.

இத்தனைக்கும், 16 வயதில் விடுதிப் பாக்கியைக் கட்டாமல் சிறைக்குப் போனவர் அவர். அந்தக் கதையையும் மறைக்காமல் அவரே எழுதி வைத்தார். தாழ்மைக்கு வேறு சாட்சி எதற்கு?

பின்னாளில் நம் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியதும், எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை என்ற இதே விதிப்படிதான்.