அப்பட்டமாக முரண்படாத பணம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தூத்துக்குடி.
பெறுநர்: தலைவர் அவர்கள், செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்), பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ், மும்பை.
பொருள்: மனசாட்சிக்கு 80 சதவீதம் ஒதுக்கியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கிராஜுவிட்டிப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடலாம், ஆனால் ஊரைக் கெடுக்கிற கம்பெனிக்கு அதில் ஒரு பைசா போகக் கூடாது என்று வீட்டில் முடிவானது. "அதுக்குத்தான் இ.எஸ்.ஜி. ஃபண்டு இருக்கே டீச்சர்! சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூணையும் பார்த்துத்தான் பங்கு வாங்குவாங்க" என்றார் ஏஜென்ட் தம்பி. எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பாவம், அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஆகவே விதி எழுதிய தங்களிடமே வருகிறேன்.

2023 ஜூலையில் தாங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையைப் படித்தேன். வள்ளுவர் இல்லறம், துறவறம் என்று பிரித்ததோடு விட்டுவிட்டார். தாங்கள் முதலீட்டு அறத்தை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறீர்கள். சிகரெட், சாராயம் மாதிரியானவற்றை ஒதுக்குவது ஒரு வகை, அது புரிகிறது. 'துறையில் சிறந்தவர்' என்ற வகைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வகுப்பே ஃபெயிலானாலும் முதல் ரேங்க் ஒருவனுக்குப் போயே தீரும் என்பது பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதானே. நிலக்கரியிலும் ஒரு முதல் ரேங்க் இருக்கும். அவரை நம்பி நான் பணம் போடலாம்.

ஃபண்டின் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் சொன்ன கொள்கைப்படி போக வேண்டும். மீதி, அந்தக் கொள்கைக்கு அப்பட்டமாக முரண்படக் கூடாது. ஆகா! அடக்கமாக முரண்படலாம் போலிருக்கிறது. சந்தேகம் ஒன்றே ஒன்று. ராத்திரியில் விடுகிற புகை அப்பட்டத்தில் சேருமா, அடக்கத்தில் சேருமா?

தர மதிப்பீட்டுக்காரர்கள் இருக்கும்போது கவலை எதற்கு என்பீர்கள். சிகரெட் விற்கும் ஐடிசி, எம்.எஸ்.சி.ஐ. என்ற மதிப்பீட்டு நிறுவனம் தனக்குக் கொடுத்த 'ஏஏ' தரத்தைப் பல வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. எப்படி என்று விசாரித்தால் காரணம் எளிமையாக இருக்கிறது. கம்பெனியால் உலகத்துக்கு என்ன ஆபத்து என்பது அங்கே கேள்வியே இல்லை. உலகத்தால் கம்பெனியின் லாபத்துக்கு என்ன ஆபத்து என்றுதான் பார்க்கிறார்கள். நுரையீரல் நம்முடையது, ரிஸ்க் அவர்களுடையது.

நார்வே அரசு ஓய்வூதிய நிதிக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியவில்லை. அதுவும் எண்ணெய் விற்ற காசுதான், அது இருக்கட்டும். எங்கள் ஊர் ஸ்டெர்லைட் ஆலையின் தாய் நிறுவனமான வேதாந்தாவின் பங்குகளை அவர்கள் 2007-லேயே விற்றுவிட்டு, சுற்றுச்சூழல் கேடும் மனித உரிமை மீறலும்தான் காரணம் என்று பெயரைப் போட்டே அறிவித்தார்கள். அவர்களுடைய அறநெறிக் குழுவின் அறிக்கையில் அந்தத் தாமிர ஆலையும் உண்டு. ஆஸ்லோவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எங்கள் ஊர்க் காற்று எட்டியிருக்கிறது! அதற்குப் 11 வருடம் கழித்து, 2018 மே 22 அன்று, அந்த ஆலையை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீசுக்கு நடந்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். இது இ, எஸ், ஜி மூன்றில் எந்த எழுத்தின் கீழ் வரும் என்பதையும் தெரியப்படுத்தினால் நலம்.

எனவே என் தாழ்மையான விண்ணப்பம்: எந்தப் பங்கு வாங்கினோம் என்று ஃபண்டுகள் மாதாமாதம் பட்டியல் போடுகின்றன. எந்தக் கம்பெனியை வேண்டாம் என்று ஒதுக்கினோம், ஏன் ஒதுக்கினோம் என்பதையும் நார்வேக்காரர் மாதிரி பெயரோடு போடச் சொல்லுங்கள். பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் தம் நன்னடத்தை அறிக்கையைத் தாமே எழுதித் தர வேண்டும் என்று விதித்த தங்களுக்கு இது பெரிய வேலையே அல்ல. அறிக்கை எழுதும்போது ஆலைக்கு எதிர்த்தெருவில் இருப்பவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கச் சொன்னால் இன்னும் உத்தமம்.

அதுவரை பணம் போஸ்ட் ஆபீஸில், சீனியர் சிட்டிசன் கணக்கில் இருக்கும். அங்கிருந்து அது எங்கெங்கே போகிறது என்று கேட்டு நிதி அமைச்சகத்துக்குத் தனிக் கடிதம் எழுதியிருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
80 சதவீதம் நம்பிக்கையுடன் ஒரு டீச்சர்.
(மீதி 20, அப்பட்டமான அவநம்பிக்கை அல்ல.)