கணினி மறதியும் மஞ்சள் சுவடியும்: படப்பைக் கள ஆய்வு

'படப்பை' என்றால் சங்கத் தமிழில் வீட்டை ஒட்டிய தோட்டம். அகராதியைப் புரட்டிய எவருக்கும் தெரிந்துவிடும் என்பதால் இப்பொருள் ஆய்வுக்கு உதவாது. 'படம் + பை' என்று பிரித்தால்தான் கட்டுரை நகரும்: படங்கள் நிறைந்த பை, அதாவது டெஸ்க்டாப். ஆகவே கணினி தோன்றியது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பை என்னும் ஊரில்தான். சங்கப் பொருள் இதற்கு இடம் தராதே என்பார்க்கு, கருத்தரங்குகளில் மறுப்புரைக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பதே விடை.

ஆய்வுக்களம், ஒரகடம் கம்பெனி பஸ்கள் நிற்குமிடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஷிஃப்ட் முடிந்த பிள்ளைகள் பயோடேட்டா அடிக்கவும் பி.எஃப். பார்க்கவும் வருமிடம். அங்குள்ள கணினி நேற்று வைத்த ஏ4 தாளை இன்று மறந்து லெட்டர் அளவுக்குப் போகிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை மறக்கிறது. திறந்து வைத்த மின்னஞ்சலை மறக்கிறது. காலையில் தேதி கேட்டால் 2009 ஜனவரி 1 என்கிறது (காண்க: பில் புத்தகம், பின்னட்டை). "சார், பேட்டரி போயிருக்கும் சார்" என்று கடைத் தம்பி முதல் நாளே சொன்னார். அவரிடம் முனைவர் பட்டம் இல்லாததால் அக்கூற்று தரவில் சேர்க்கப்படவில்லை.

மறதி ஐவகைப்படும்.

முதலாவது கட்டளை மறதி. இணையதளத்துக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு சொடுக்கும் அதற்குப் புது விருந்தாளி. இந்தக் குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி குக்கீயை உருவாக்கினார். பிரௌசரை மூடும்போது குக்கீயை அழி என்று யாரோ டிக் அடித்து வைத்திருந்தால், கணினி மறக்கவில்லை, சொன்னதைச் செய்கிறது.

இரண்டாவது கரண்ட் மறதி. பல நிரல்கள் நாம் மாற்றிய அமைப்பை முறையாக மூடும்போதுதான் கோப்பில் எழுதுகின்றன. நடுவில் கரண்ட் போனால் எழுதாத தேர்வுத்தாள்தான்.

மூன்றாவது அதிகார மறதி: எழுத உரிமையில்லாத ஃபோல்டரில் சேமிக்கப் பார்ப்பது.

நான்காவது சத்திர மறதி: பயனர் கணக்கு பழுதாகி, விண்டோஸ் தற்காலிகக் கணக்கில் தங்கவைத்து, வெளியேறும்போது எல்லாவற்றையும் துடைத்துவிடுவது.

ஐந்தாவது துறவு மறதி: ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்கே திருப்பும் மென்பொருளைக் கடைக்காரரே போட்டு வைப்பது.

வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் அடிப்பவர்கள் தனி நூலுக்கு உரியவர்கள்.

சேமிப்பிடத் தேர்வில் நம் முன்னோர் தேர்ந்தவர்கள். படப்பைக்குப் பக்கத்திலுள்ள மணிமங்கலத்தில் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்தான். புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி 'விஜய' என்ற எழுத்துகளைப் பொறித்ததாகக் கூரம் செப்பேடு கூறுகிறது. முதுகு போயிற்று, செப்பேடு இருக்கிறது. இதைத்தான் இன்று பேக்அப் என்கிறார்கள். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலை விதிகள் ஆயிரத்து நூறு ஆண்டாக 'ரீசெட்' ஆகவில்லை; ஊர்ச்சபை உறுப்பினருக்கு வயது 35க்கு மேல் 70க்குள் என்று போட்டது போட்டபடி நிற்கிறது.

இனி இவ்வாய்வின் இதயம்: மஞ்சள் சுவடி.

கணினி மறப்பதால் கடைக்காரர் கடவுச்சொல்லை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறார். இதன் ஐந்தாம் எழுத்து பூஜ்யமா, ஆங்கில 'ஓ'வா? பூஜ்யவாதிகள், எழுத்து சற்று ஒல்லியாக இருப்பதைக் காட்டுவர். ஓகாரவாதிகள், பேனா மை தீர்ந்த நேரத்தில் எழுதப்பட்டதால் எல்லா எழுத்துமே ஒல்லி என்பர். எட்டாம் இடத்தில் இருப்பது ஒன்று என்னும் எண்ணா, 'எல்' எழுத்தா, செத்த கொசுவா என்பதில் மும்முனைப் போர். கொசு என்பது பிற்சேர்க்கை என்பது என் துணிபு. கீபோர்டின் அடியில் கிடைத்த இன்னொரு பிரதியில் அவ்விடத்தில் வியர்வைக் கறையே உள்ளது, இதைக் கொண்டு ஏடெழுதியவர் காலத்தில் ஃபேன் ஓடவில்லை என்று நிறுவலாம் (மஞ்சள் சுவடி, மானிட்டர்ப் பிரதி, இடக்கீழ் மூலை, டீக்கறைக்கு வடக்கே இரண்டாம் வரி, ஒப்பு நோக்குக: கீபோர்டு அடிப் பிரதி, தலைகீழாகப் பிடித்து, மறுப்புக்குக் காண்க: மேற்படி பிரதிகளைச் சேர்த்து ஒட்டிய செல்லோடேப்பின் உட்புறம், முடி நீக்கிய பதிப்பு). மூன்று முறை தவறாக அடித்ததில் கணக்கு பூட்டிக்கொண்டது. மூலபாடம் நிறுவப்பட்ட மகிழ்ச்சியில் இது சிறு இழப்பே. மூன்றாம் இயலையே தலைப்பு மாற்றி நான்காம் இயலாகத் தந்து பட்டம் பெற்றோர் உள்ள நாட்டில், மூன்று முறை ஒரே தவறைச் செய்வது மரபு வழுவன்று.

தம்பி அதற்குள் பெட்டியைத் திறந்து காசு அளவில் ஒரு பேட்டரியை எடுத்திருந்தார். மேலே சிஆர்2032 என்று பொறித்திருந்தது. 2032ஆம் ஆண்டில் நினைவு திரும்பும் என்ற தீர்க்கதரிசனமாக இதைக் கொள்ள இடமுண்டு. ஆனால் 20 என்பது குறுக்களவு 20 மில்லிமீட்டர், 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அந்த 3 வோல்ட். அது தீர்ந்தால் தேதி பழைய நாளுக்கே திரும்பிவிடும். 2009இல் நிற்கும் கணினிக்கு, இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்காதது; அதனால் மின்னஞ்சலுக்குள் விடாது. ஏ4க்கும் தமிழ்99க்கும் காரணம் வேறு. கடைக்காரர் இரவில் எதையும் மூடாமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

"பேட்டரியை மாத்தியாச்சு சார். அண்ணன்கிட்ட ராத்திரி ஷட்டவுன் பண்ணச் சொல்லிட்டேன்" என்றார் தம்பி.

வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் காலை தேதி சரியாக இருந்தது, தாள் ஏ4. மஞ்சள் சுவடி இன்னும் மானிட்டரில்தான் இருக்கிறது. அந்தக் கடைக்குப் போனால் அதைக் கிழித்துவிடுங்கள். அதை யாரும் படிக்கலாம்.