ஒரு கிலோ கனமும் வலது கை வளையலும்

ஆரணியில் துப்பாக்கி கடைசியாக உருப்படியாக வெடித்தது, என் கணக்கில், 1782 ஜூன் 2 அன்று. ஹைதர் அலி தன் தளவாடங்களை இங்கே கோட்டையில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றின் மேல் கண் வைத்து ஐர் கூட் என்ற ஆங்கிலேயத் தளபதி படையோடு வந்தார். அதற்கு முன் 1751-ல் ராபர்ட் கிளைவும் இதே ஊரில் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 1782-க்குப் பின் சாவு ஊர்வல வெடியையும் தறிச் சத்தத்தையும் தவிர வேறெதுவும் கேட்காத ஊர் இது. பட்டு நெய்வோம், அரிசி அரைப்போம், வம்புக்குப் போகமாட்டோம்.

இந்த ஊரில், பட்டுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒருநாள், "என்னங்க, நான் பிஸ்டல் கத்துக்கப்போறேன்" என்றாள். கடன் பாக்கிக்காரர்களின் பட்டியல் அவள் கையில் இருந்த நேரம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் விஷயம் புரிந்தது: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுவதில் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்தே அவளுக்கு அந்த எண்ணமாம். பாக்கிக்காரர்கள் பிழைத்தார்கள்.

செய்தி ஊரில் பரவியது. ஆலோசனை சொல்ல ஆரணியில் ஆள் பஞ்சம் கிடையாது. பையன்கள் வந்து, "அஜித்குமார் 2022-ல திருச்சியில சுட்டாரே, அதே பிஸ்டல் வாங்குங்க அக்கா" என்றார்கள். அரிசி ஆலை நண்பர் மட்டும் முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரிடம் லைசென்ஸ் உள்ள ரிவால்வர் ஒன்று உண்டு. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று எந்தத் தேர்தல் வந்தாலும் அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வரச் சொல்வார்கள். ஆகவே அவரைவிட அவருடைய ரிவால்வருக்குத்தான் போலீஸ் ஸ்டேஷனில் பழக்கம் அதிகம்.

"தங்கச்சிக்கு இன்னாத்துக்குப் பெருசு? கைக்கு அடக்கமா சின்னதா ஒண்ணு வாங்கிக் குடுய்யா. கத்துக்கிறவங்களுக்கு சின்னதுதான் சுலபம்" என்றார்.

இந்த 'சின்னது சுலபம்' என்பது உலகம் முழுக்க எல்லாரும் நம்புகிற விஷயம். நம் அரசாங்கத் தொழிற்சாலையே நம்பியிருக்கிறது. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்றே 2014-ல் கான்பூரில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைச் செய்தார்கள். டைட்டானியக் கலப்பு உலோகம், எடை அரைக் கிலோ. அப்போது விலை ஏறத்தாழ 1.22 லட்சம். பெண்களுக்கான பொருள் என்பதால் மெரூன் நிற நகைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் கையில் இருக்கிற பெண்மணி அந்தப் பெட்டிக்குள் உண்மையான நகையை அல்லவா எதிர்பார்ப்பாள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு இஷாப்பூரிலிருந்து 'நிடர்' வந்தது. .22 ரக ரிவால்வர், எடை வெறும் 250 கிராம்.

எடை குறையக் குறைய விற்க வசதி. சுடத்தான் வசதி இல்லை. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியில் போட்டால் பின்னடி உதையில் பெரும்பகுதியைத் துப்பாக்கியே வாங்கிக்கொள்ளும். லேசானதில் போட்டால் மிச்சம் முழுக்க மணிக்கட்டுக்கு வரும். புதிதாகச் சுடுகிறவர் ஒருமுறை அந்த உதையை வாங்கிவிட்டால், அடுத்த முறை வெடிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக் கையை உதறுவார்.

அடுத்தது நீளம். குறி பார்க்கும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் குறியின் உயிர். பைக்குள் அடங்கும் குட்டிப் பிஸ்டலில் அது 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் போகும். போட்டிப் பிஸ்டலில் அந்த இடைவெளி 30 சென்டிமீட்டருக்கு மேல். அதே பிசகுக்கு அங்கே மூன்று சென்டிமீட்டர்தான் தண்டனை. சின்னத் துப்பாக்கி தவற்றை மன்னிக்காது. நன்றாகச் சுடத் தெரிந்தவர் சட்டைக்குள் மறைத்து வைக்கச் செய்த பொருளை, கற்றுக்கொள்கிறவர் கையில் கொடுப்பது அநியாயம்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. "அப்போ ஒன்பது எம்எம் வாங்கு" என்றார். அது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம், படைக்கும் போலீசுக்கும்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நமக்குக் கிடைக்கிற .32-க்கே லைசென்ஸ் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும், போலீஸ் விசாரித்து அறிக்கை தர வேண்டும், எதற்காக வேண்டும் என்று காரணமும் காட்ட வேண்டும். பட்டுக்கடைக்காரனுக்கு உயிர் ஆபத்து தீபாவளி சமயத்தில் வாடிக்கையாளர்களிடமிருந்துதான் வரும். அதை விண்ணப்பத்தில் எழுதினால் கலெக்டர் ஒப்புக்கொள்வாரா?

புதிதாகக் கற்றுக்கொள்ள நல்ல வழி வேறு: காற்றுப் பிஸ்டல். மனு பாக்கர் சுட்டதும் இதைத்தான். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, 10 மீட்டர் தூரம். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் .177 காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிப் பிஸ்டல் அதில் பாதியைக்கூடத் தொடாது. உதையும் அநேகமாக இல்லை. ஆனால் அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அதை ஒற்றைக் கையால் அடிக்க வேண்டும்.

என் மனைவி சென்னைப் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். பயிற்சியாளர் முதலில் சொன்னது, "உடனே எதுவும் வாங்காதீங்கம்மா. கிளப் பிஸ்டல்ல சுடுங்க" என்பது. இரண்டாவதாகச் சொன்னதுதான் எங்கள் வீட்டில் பூகம்பம். பிஸ்டல் பிடிக்கும் கையில் வளையல், கடிகாரம், பட்டை எதுவும் இருக்கக்கூடாது. மணிக்கட்டுக்கு எந்த ஆதரவும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சர்வதேச விதி.

"சுமங்கலி வலது கையை மூளியா வெச்சுக்கிட்டு நிக்கிறதா? எந்த ஊர் விதி அது?" என்றாள் என் அம்மா.

"ஜெர்மனிம்மா. மியூனிக்ல ஆபீஸ்."

"அவங்களுக்கு இன்னா தெரியும்?"

கடைசியில் வலது கை வளையல்களும் இடது கைக்கே போவதென்று உடன்பாடு ஆனது. ஆனால் இடது கைக்கும் ஒரு பிரச்சினை இருந்தது. சுடும்போது சும்மா இருக்கும் கை ஆடக்கூடாது. பாரிஸில் துருக்கிக்காரர் யூசுப் டிகெச் செய்த மாதிரி பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். சுடிதாரில் பாக்கெட் எங்கே இருக்கிறது? எங்கள் தெரு லேடீஸ் டெய்லர், பிஸ்டலைப் பற்றிக் கேட்டபோது அசரவில்லை. பாக்கெட் என்றதும்தான், "லேடீஸுக்கா?" என்று அளவு நாடாவைக் கீழே வைத்தார்.

கிளப் பிஸ்டல் பழகியபின் சொந்தமாக வாங்கும் பேச்சு வந்தது. 'சின்னது' என்ற கேள்வி இங்கே மறுபடியும் எழுந்தது. இந்த முறை நியாயமாகவே. ஸ்டேயர், மொரினி, பர்தினி போன்ற ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் போட்டிப் பிஸ்டல்களுக்குக் குட்டை வடிவமும் செய்கின்றன. முழு நீளப் பிஸ்டல் ஏறத்தாழ ஒரு கிலோ. விதிப்படி ஒன்றரைக் கிலோ வரை போகலாம். போட்டியில் 60 குண்டு. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கனத்தை நீட்டிய கையில் தூக்க வேண்டும். நாற்பதாவது குண்டில் தோள் நடுங்கினால் நீளமான சைட் இருந்து என்ன பயன்? சிறிய உடம்புக்காரருக்குக் குட்டை வடிவம் கொஞ்சம் சைட் தூரத்தைப் பறித்துக்கொண்டு நிறைய உழைப்பை மிச்சம் பிடித்துத் தருகிறது. அந்தப் பேரம் கட்டுபடியாகும்.

விலைதான் கட்டுபடியாகவில்லை. வெளிநாட்டுப் பிஸ்டல் புதிதாக ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இந்தியத் தயாரிப்பு அதைவிட வெகு மலிவு. கைமாறி வரும் பிஸ்டல் என்றால் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும்; பத்து வருடம் ஆனால் மாற்றச் சொல்வார்கள். பழுது பார்க்க ஆள் எங்கே என்றும் கேட்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டலே பாதிப் போட்டியில் நெம்புகோல் கெட்டு நின்றது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பிடி. ட்ரிகர் கனம் 500 கிராமுக்குக் குறையக்கூடாது. அந்த 500 கிராமை விரல் நுனி நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். பிடி ஒரு நூல் அகலம் கூடினாலும் விரல் பக்கவாட்டில் தள்ளும், குண்டும் பக்கவாட்டில் போகும். கடைசியில் நாங்கள் வாங்கிய பிஸ்டலின் மரப்பிடி அவள் கைக்குப் பெரிது. தறி செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோனோம். அவர் அரத்தாலும் உப்புத்தாளாலும் இழைத்து, குழியான இடத்தில் மரத்தூள் பசை பூசி, அவள் கையை வைத்துப் பார்த்து மறுபடி இழைத்தார். உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூலி மட்டும் ஜெர்மானிய விலையில் கேட்டார்.

காற்று அடைக்கப் பஞ்சர் கடைக்காரர் தாமாக முன்வந்தார். அவருடைய கம்ப்ரசர் பத்து பார் அழுத்தம் தரும். உருளைக்கு வேண்டியது 200. "லாரி டயருக்கே இவ்ளோ கேட்க மாட்டான்" என்று உருளையை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். இப்போது கைப்பம்பில் நான்தான் அடிக்கிறேன். வீட்டில் துப்பாக்கியால் உடம்பு இளைத்தது நான் மட்டுமே.

பயிற்சியில் பெரும்பகுதி குண்டே இல்லாமல் வெற்றுச் சுவரைக் குறி பார்ப்பது. அம்மா முதலில், "சுவரை எதுக்கு இப்படி முறைக்கிறா?" என்று கவலைப்பட்டாள். பிறகு, அந்த நேரத்தில் மருமகள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதைக் கவனித்து, தினமும் இரண்டு வேளை செய்தால் நல்லது என்றாள்.

இப்போது, எந்தப் பிஸ்டல் வாங்கலாம் என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு என் மனைவி கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, கையை நீட்டி ஒரு நிமிடம் ஆடாமல் நிற்கச் சொல்கிறாள். பையன்கள் பலர் பாட்டிலைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அரிசி ஆலை நண்பரும் நின்று பார்த்தார். அரை நிமிடத்தில் முகம் சிவந்தது, தோள் இறங்கியது.

"தங்கச்சி, இதுலயும் சின்ன சைஸ் வருமா?" என்றார்.

அரை லிட்டர் பாட்டிலைக் கொடுத்தாள்.